இம்போசிஷன்

"ஒரு வாரமா உங்க வகுப்புல ஒருத்தர்கூட வீட்டுப்பாடம் எழுதலையாமே?" தலைமையாசிரியை சிடுசிடுத்தார்.

"தினமும் இம்போசிஷன் கொடுக்கிறேன் மேடம். சளைக்காம எழுதுறாங்க," என்று கையைப் பிசைந்தார் டீச்சர்.

வகுப்பின் முதல் மாணவி வரவழைக்கப்பட்டாள்.

"நீயுமா எழுதல?"

"வீட்டுப்பாடத்துக்கு எங்க பால்பாயின்ட் பேனாதான் மேடம். இம்போசிஷன்னா, எழுத்து முத்து முத்தா வரணும்னு டீச்சர் அவங்க மைப்பேனாவையே தருவாங்க. சும்மா வழுக்கிட்டுப் போகும்."

அசடு வழிந்த டீச்சரிடமிருந்து அந்தப் பேனாவை வாங்கி, அதிலேயே மெமோ எழுத ஆரம்பித்தார் தலைமையாசிரியை. இரண்டு வரியில் முடிய வேண்டிய மெமோ மூன்றாம் பக்கத்துக்குப் போனது. மை தீர்ந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"நாளைக்கும் ஏதாவது தப்பு பண்ணுங்க," என்றார், சிடுசிடுப்பு குறையாமல். "வரும்போது மை ரொப்பிட்டு வாங்க."