பின்வாசல்

"ஊதுங்க," என்றாள் நிர்மலாதேவி.

தென்காசி ஆஸ்பத்திரியில், ஸ்கேன் அறைக்கு வெளியே, அத்தனை பேர் பார்க்கத் தளவாய் வாயைத் திறந்து ஊதினார். முப்பது வருடம் செங்கோட்டை ரோட்டில் லாரிக்காரர்களை ஊதச் சொன்ன ஏட்டு அவர். ரிட்டயரான பிறகு முறை மாறிவிட்டது.

"கிராம்பு மென்னா தெரியாதோ? இப்ப வெளிய போனது சிகரெட்டுக்குத்தானே?"

மடியிலிருந்த ஃபைலை அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் கிருபா போன மாதமே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "மார்புல வந்திருக்கிற இந்தக் கட்டிக்கு ஈஸ்ட்ரோஜன்தான் சாப்பாடு. மாத்திரை கொடுத்து அதைத் தடுக்கிறோம். ஆனா நிகோட்டினும் இந்தச் செல்களைத் தூண்டுதுன்னு ஆய்வுக்கூடத்துல பார்த்திருக்காங்க. முன்வாசல்ல பந்தோபஸ்து போட்டுட்டு, பின்வாசலைத் திறந்து வைக்காதீங்க சார். வீட்டுல ஒரு சிகரெட்கூட இருக்கக் கூடாது."

அன்று தளவாய் தரையைப் பார்த்தபடியே இருந்தார். திரும்பும்போது பஸ்ஸில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார். அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

கட்டி சுருங்கினால்தான் ஆபரேஷன். சுருங்கியிருக்கிறதா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும்.

"ஏலே தளவாய்! இங்கன என்னலே பண்ணுத?"

தளவாய் நிமிர்ந்து பார்த்தார். அக்கா இராமலட்சுமி. முட்டுவலிக்கு எக்ஸ்ரே எடுக்க வந்திருக்கிறாள். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் அக்கா. எழுந்து நகரக்கூட இடமில்லை.

"குத்தாலம் அஞ்சருவியில எல்லாரும் குளிக்கையில நீ மட்டும் சட்டையைக் கழத்தாம நின்னியாம்லா? ஏட்டய்யாவுக்குத் தொப்பை தெரிஞ்சிரும்னு வெக்கமான்னு உங்க அத்தான் சிரியா சிரிச்சாவ," என்று சொல்லிக்கொண்டே வந்தவள் ஃபைலைப் பார்த்தாள். அட்டையில் 'மார்புப் புற்றுநோய்' என்று எழுதியிருந்தது. சிரிப்பு அப்படியே நின்றது.

"ஏட்டி நிர்மலா..." என்று அவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

நிர்மலாதேவி அந்தத் தோளுக்கு மேலாகப் புருஷனைப் பார்த்தாள். தளவாய் வாயைத் திறந்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

இராமலட்சுமி மூக்கை உறிஞ்சினாள். வாடை அவளுக்கும் எட்டிவிட்டது.

"இப்பவும் ஊதிட்டா வந்து உக்காந்திருக்க? நீயெல்லாம் மனுசனாலே? வீட்டுக்குள்ள ஊதி ஊதி இவளுக்கு இதைக் கொண்டாந்துட்டியே, பாவி!"

பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரை லாக்கப்பில் உட்கார வைத்தவர். உள்ளே இருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்று அவர் யோசித்ததே இல்லை.

"விடுங்க மதினி," என்றாள் நிர்மலாதேவி.

"நீ பேசாம இருட்டி. எல்லாம் சரியாப் போவும். பண்பொழி முருகனுக்கு உனக்கு மொட்டை போடுததா நான் இப்பவே நேர்ந்துக்கிட்டேன். வாற வெள்ளிக்கிழமையே மலையேறிருவோம். என்ன சொல்லுத?"

நிர்மலாதேவியின் கை தானாகப் பின்னலுக்குப் போனது. இடுப்புக்குக் கீழே இறங்கும் பின்னல். இந்த வயதிலும் தினம் அரைமணி நேரம் உட்கார்ந்து சிக்கெடுப்பாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள்.

தளவாய் எதிர்ச்சுவரில் 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருந்ததை ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார்.

"சரி மதினி," என்றாள் அவள்.

ஸ்கேன் அறைக் கதவு திறந்தது. நர்ஸ் மீனா ஃபைலுக்குக் கையை நீட்டினாள். கொடுப்பதற்காக எழுந்த நிர்மலாதேவியை, "ஏட்டி, பயப்படாம உள்ள போ, நான் இங்கனதான் இருப்பேன்," என்று இராமலட்சுமி தோளை அணைத்து வாசல்வரை கூட்டிப்போய் உள்ளே தள்ளினாள்.

நர்ஸ் குறுக்கே கையை நீட்டி நிர்மலாதேவியை மறித்தாள்.

"அக்கா, நீங்க எங்க வாறீங்க? பேஷண்ட் அண்ணாச்சில்லா!"