வேண்டாம் என்று போட்ட கையெழுத்து

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, ஒரு சின்னக் கழுத்தின் கதை சொல்கிறேன். ஐந்து வயது பூங்கோதைக்குக் கழுத்தின் இடப்பக்கம் மூன்றாம் தடவையாக வீங்கியிருந்தது. முதல் தடவை பொன்னுக்கு வீங்கி என்று தங்கச் சங்கிலி போட்டுவிட்டார்கள். அடுத்த தடவை அப்பா தவசி மட்டும் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்ச் சீழ் எடுத்துவந்து, "சரியாயிடுச்சு" என்றார். அம்மா செண்பகவல்லி நம்பினாள்.

இன்று அதே ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, போன தடவை எடுத்த ஸ்கேன் படத்தைச் செண்பகவல்லியிடம் காட்டினார். "தொண்டைக்குள்ள பிறவியிலேயே ஒரு துளை இருக்கும்மா. அதுவழியாத்தான் கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பிக்குக் கிருமி போகுது. அடைக்கலேன்னா திரும்பத் திரும்ப வரும்னு அப்பவே சொன்னோமே. ஆபரேஷன் வேண்டாம்னு உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருக்காரு."

"பொம்பளப் புள்ள. கழுத்துல தழும்போட யாரு கட்டுவா?" என்றார் தவசி, தரையைப் பார்த்தபடி.

"ஒரு வாரமா முழுங்க முடியாம அழுதவளை, அடம் பிடிக்கிறான்னு நான் அடிச்சேனே. பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"மருந்துல வீக்கமும் காய்ச்சலும் தணியட்டும், அப்புறம் ஆபரேஷன்" என்று டாக்டரம்மா சம்மதத் தாளை நகர்த்தினார். தவசி தன் பேனாவை நீட்டினார். செண்பகவல்லி அதை வாங்காமல், பக்கத்தில் நின்ற நர்ஸிடம் பேனாவுக்குக் கை நீட்டினாள்.

உங்க வீட்டுப் பிள்ளைகள் நோகாமல் சோறு விழுங்கட்டும். அவங்க நோவை உங்களிடம் யாரும் மறைக்காதிருக்கட்டும்.