வீரம்மா வாங்கிய புல்லுமருந்து

"மருந்தை வாங்கி வெளியில விக்குது சார் அந்தப் பொம்பளை! தோட்டத்துல புல்லு முழங்கால் உயரத்துக்கு நிக்குது. நீங்களே போய்ப் பாருங்க லா!"

மேலத்தோட்டத்துக் கன்னையா கத்திவிட்டுப் போனதும் கார்த்திகேசு மோட்டார் சைக்கிளை எடுத்தார். மலேசியாவில் பந்திங் பக்கத்துச் சிறுதோட்டக்காரர் சங்கத்தில் அவர் கணக்கெழுதும் கிராணி. களையைக் கொல்ல அரசாங்கம் மானியமாகக் கொடுக்கும் புல்லுமருந்தை விற்றால் பட்டியலிலிருந்து பெயரையே அடித்துவிடுவார்கள். அப்புறம் உரமும் கிடைக்காது. மூன்று ஏக்கர் செம்பனையை வைத்துக்கொண்டு வீரம்மா என்ன செய்வாள்?

ஆனாலும் கோபம் கோபம்தான். மருந்து லோரி வரும் நாளில் வரிசையில் முதல் ஆளாக நிற்பவள் அவள்.

கன்னையா சொன்னது சரி. புல் மண்டிக் கிடந்தது. மரத்தடிகளை மட்டும் வீரம்மா கத்தியால் வெட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள்.

"மருந்து எங்கம்மா?"

வீரம்மா கொட்டகையைத் திறந்துவிட்டாள். நாலு வருஷத்து டின்களும் மூடி திறக்காமல் அடுக்கியிருந்தன.

கார்த்திகேசுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அடிக்கவும் இல்ல, விக்கவும் இல்ல. வேணாம்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"எழுபத்தெட்டுல வேணாம்னுதான் சொன்னேங்கய்யா. என் பங்கையும் சேர்த்து மேலத்தோட்டத்துக் கன்னையா அண்ணனுக்கே கொடுத்தீங்க. சும்மா வந்ததுதானேன்னு வாய்க்கால் கரை பூரா அடிச்சு விட்டாரு. மறுநாள் மீனெல்லாம் செத்து மிதந்துச்சு. அதுல குளிச்ச பக்கத்துக் கம்பத்துப் புள்ளைங்களுக்கு உடம்பெல்லாம் கொப்புளம்."

அன்றைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது தான்தான் என்பது கார்த்திகேசுக்கு நினைவு வந்தது.

வாய்க்கால் பக்கம் ஒரே கூச்சல். மலாய்ப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, துள்ளுகிற விராலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, "அக்கா, இங்க பாருங்க!" என்று கத்தினாள்.

வீரம்மாவுக்கு வாயெல்லாம் பல். "நான் முந்திக்கிட்டா, என் பங்காவது இந்தத் தண்ணிக்குள்ள போகாதுல்லங்கய்யா?"

கார்த்திகேசுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் சீட்டில் காகிதத்தை வைத்து, அங்கேயே அறிக்கை எழுதினார்:

'வீரம்மா பெற்றுக்கொண்ட மருந்து முழுவதும் மிக நல்ல முறையில் பயன்பட்டு வருகிறது.'