இடம் மாறும் குழி

குடியிருப்பின் கோல்ஃப் மைதானம் படுத்துவிட்டது என்று அவன் மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டாள். புல் காய்ந்துவிட்டது, உணவகம் பூட்டிக் கிடந்தது. மைதானத்தைப் பார்த்த வீடு என்றுதான் கையிலிருந்ததையெல்லாம் கொட்டி வாங்கியிருந்தார்கள்.

"விலை போறப்பவே வித்துடலாங்க."

"சும்மா இரு. பந்து விழுற குழியைத் தினமும் இடம் மாத்துறாங்களே, பாக்கலையா? மூடப்போறவன் இவ்ளோ மெனக்கெடுவானா?"

உண்மைதான். ஜன்னலுக்கு எதிரே, கொடி நட்ட குழி காலைக்குக் காலை இடம் மாறியது. கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

கடைத்தெருவில், மைதானத்தைப் பராமரிக்கும் புல்வெளிக்காரரைப் பார்த்ததும், "நீங்க இருக்கிறவரைக்கும் கவலையில்லண்ணே," என்றான்.

"என்னை எப்பவோ நிறுத்திட்டாங்க தம்பி. குழி வெட்டுற கருவியையும் வித்துட்டாங்க."

"அப்ப யாரு மாத்துறது?"

"யாரா இருந்தாலும் தொழில் தெரிஞ்சவன்தான். புதுக் குழியில புல்லோட வெட்டியெடுத்த மண் துண்டை வெச்சுத்தான் பழைய குழியை அடைக்கணும். இல்லன்னா வடு தெரிஞ்சுடும்."

அன்று இரவு மனைவியின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் ஹாலிலேயே படுத்துக்கொண்டான்.

விடிந்ததும் மைதானத்தில் கொடியைக் காணவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தான். நேற்றைய குழி கச்சிதமாக அடைபட்டிருந்தது. அடைத்திருந்தது புல் அல்ல. வட்டமாக வெட்டிய டைல்ஸ். படுக்கையறைத் தரைக்கென்று மனைவி பார்த்துப் பார்த்து எடுத்த நீலப் பூ டைல்ஸ்.

அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.