முகம் பார்த்துப் போட்ட கையெழுத்து

அன்றைக்கும் அச்சுதன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் மூன்று தோசையை விழுங்கிவிட்டு எழுந்தான்.

"ஸ்கூட்டர்ல ஏறிக்கோடா. பாரகம்பா ரோட்டுல உன் ஆபீஸ் வாசல்லயே இறக்கி விட்டுட்டுப் போறேன்" என்றார் ரங்கராஜன்.

"வேண்டாம்ப்பா, நான் பஸ்லயே போயிக்கறேன்." டையைக் கழுத்தில் மாட்டியும் மாட்டாமலும் மாடிப்படியில் இறங்கி ஓடிவிட்டான்.

ரங்கராஜன் மாடிப்படியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து வாரமாக இதே கூத்து. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

இருபத்தாறு வருஷமாக அவர் வேலை பார்க்கும், பம்ப் தயாரிக்கிற அரசாங்கக் கம்பெனியைத் தனியாருக்கு விற்கப் போகிறார்கள். வி.ஆர்.எஸ். என்கிற விருப்ப ஓய்வு வேண்டுகிறவர்கள் இன்றைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. அவருக்கு இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் இருந்தது. வாங்குகிறவன் கம்பெனியை நடத்துவானா, மூடிவிட்டு நிலத்தை விற்பானா என்பது அந்தப் பெருமாளுக்குத்தான் வெளிச்சம்.

பெருமாளை விட்டால் அச்சுதனுக்குத் தெரியும். விற்பனையை நடத்தித் தருகிற இன்வெஸ்ட்மென்ட் பேங்கின் டெல்லி ஆபீசில்தான் அவன் எம்.பி.ஏ. படிப்புக்கான சம்மர் டிரெயினிங் சேர்ந்திருந்தான். அந்தச் சின்ன ஆபீசுக்கு இந்த ஒரு வேலைதான்.

சேர்ந்த அன்றைக்கே ஒரு கத்தை ஃபாரத்தோடு வந்தான். "ஆபீஸ் விஷயம் எதையும் ஆத்துல பேசப்படாதாம்ப்பா. சொந்தக்காரா யார் யார் எங்க வேலை பார்க்கறான்னு வேற கேட்டிருக்கா."

"எல்லாத்தையும் உள்ளபடி எழுது. ஒண்ணையும் மறைக்காதே" என்று சொல்லி, பேனாவைக்கூட அவரே எடுத்துக் கொடுத்தார். பிள்ளை பெரிய இடத்தில் சேர்ந்துவிட்டான் என்று அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

அதற்கப்புறம் அவனிடம் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை அவர் கேட்டதில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்ப்பதை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை. பையன் இளைத்தான், கேட்டதற்கு 'ம்' கொட்டினான், அவர் ஹாலுக்கு வந்தால் பால்கனிக்குப் போனான்.

மனைவி விஜயலக்ஷ்மி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டாள். "ஏன்னா, நாள் பூரா ஏ.சி.ல உட்கார்ந்திருக்கான்னு பேரு. மூஞ்சி ஏன் இப்படிக் கறுத்துக் கெடக்கு?"

"மனசுல ஒரு விஷயத்தைப் பூட்டி வெச்சிண்டு அலைஞ்சா கறுக்காம என்ன பண்ணும்?"

"என்ன விஷயம்?"

"உனக்கு ஒண்ணும் புரியாது, போ."

ஆபீசில் நுழைந்ததுமே அவர் செக்ஷனில் வேலை பார்க்கும் சுப்பு பிடித்துக்கொண்டார். "என்ன சார், பையன் வாயைத் திறந்தானா?"

"அவன் திறக்க மாட்டான். நானும் கேட்க மாட்டேன்."

"சரி சார், நீங்க என்ன பண்ணப் போறீங்க? அதைப் பார்த்துட்டுப் பண்ணலாம்னுதான் செக்ஷனே உட்கார்ந்திருக்கு."

நிஜம்தான். செக்ஷனில் மற்ற ஏழு பேரும் ஃபாரத்தை மேஜை மேல் வைத்துக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த சீட்டுப் பஞ்சாபிக்காரர்கூட மணிக்கொரு தரம் "போலோ, ரங்கராஜன்ஜி" என்று பதில் கேட்டு நச்சரித்தார்.

ரங்கராஜன் உட்கார்ந்தார், எழுந்தார், வராந்தாவில் நடந்தார், மறுபடி உட்கார்ந்தார். ஜூன் மாத வெயிலில் கூலர் சூடான காற்றைத்தான் தள்ளியது. நாலு மணிக்கு மனசு கேட்காமல் மகனின் ஆபீசுக்கு ஃபோன் போட்டார். மறுமுனையில் ஒரு பெண் குரல் "ஹலோ" என்றதும் பதறிப்போய் வைத்துவிட்டார். பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போடவா பெற்றோம் என்று தன் மேலேயே கோபம் வந்தது.

காலையில் குனிந்த அந்தத் தலை கண்ணுக்குள்ளேயே நின்றது. நல்ல சேதியாக இருந்தால் பெற்ற அப்பனின் முகத்தைப் பார்க்க என்ன தயக்கம்? சந்தேகமே இல்லை, மூடத்தான் போகிறார்கள்.

நாலு ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டார். அடுத்த நிமிஷம் சுப்பு போட்டார். ஐந்து அடிப்பதற்குள் எட்டு ஃபாரமும் மேலிடத்துக்குப் போய்விட்டன.

ஆறரைக்கு அச்சுதன் சட்டையெல்லாம் வேர்த்து வழிய வீட்டுக்குள் வந்தான். ரங்கராஜன் அவனுக்காகவே ஜிலேபி வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"வாடா. இனிமே நீ என் மூஞ்சியைத் தைரியமாப் பார்க்கலாம். வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்துட்டேன்."

"ஐயோ, ஏம்ப்பா?"

"ஏன்னு கேட்கறியா? நீதானே சொன்னே!"

"நானா? நான் ஒண்ணுமே சொல்லலையேப்பா!"

"வாயால சொல்லலை. அஞ்சு வாரமா உன் மூஞ்சி சொல்லிண்டே இருந்துதே. ரகசியத்தைக் காப்பாத்த என்ன பாடு பட்டிருப்பே! என்னைப் பார்த்து சுப்பு, மத்தவா எல்லாரும் போட்டுட்டா. எட்டுக் குடும்பம் உன்னால தப்பிச்சுதுடா."

ஷூவைக் கழற்றக் குனிந்த அச்சுதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஷூவின் ஓரத்தில் காய்ந்த புல் ஒட்டியிருந்தது. ஐந்து வாரத்தில் முதல் தடவையாக அப்பாவை நிமிர்ந்து பார்த்தான்.

"அப்பா... அந்த ஃபாரத்துல உன் பேரையும் கம்பெனியையும் எழுதினேனே, மறுநாளே என்னை வர வேண்டாம்னுட்டா."