பக்கத்து வீட்டு ரேடியோ

"சாகக் கிடக்கிற மனுஷனை உள்ளே வச்சுக்கிட்டு இப்படியா பாட்டைப் போடுவாங்க? ஈவு இரக்கமில்லாத ஜென்மங்க!"

கிடங்கு அதிகாரி செய்தித்தாளை விசிறியடித்தார். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் ஓய்வு. அதற்கும் வேட்டு வைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் குடிவந்து பத்து நாள் ஆகிறது. பத்து நாளும் சுவர் அதிர அதிர ரேடியோ.

"எங்கிட்ட கத்தி என்ன பிரயோஜனம்? அங்கே போய்க் கேளுங்க," என்றாள் மனைவி. "உங்க சாவிக்கொத்து குலுங்கினாலே ஆஸ்பத்திரி நடுங்கும்னு பீத்திக்குவீங்களே!"

பீத்தல் இல்லை, உண்மைதான். பெரியாஸ்பத்திரி மருந்துக் கிடங்கில், இரட்டைப் பூட்டு அலமாரிக்குள் இருக்கும் மார்ஃபின் மாத்திரைகள் அவர் பொறுப்பு. எதற்கும் அடங்காத வலிக்குத் தருகிற மருந்து. சீட்டில் மூன்று கையொப்பம் வேண்டும் என்பது விதி; பன்னிரண்டு வருடத்தில் அதை மீறி ஒரு மாத்திரை வெளியே போனதில்லை. அவர் அறை பின்கட்டில் இருந்தது. எந்த வார்டின் சத்தமும் அதுவரை எட்டாது.

சட்டையை மாட்டிக்கொண்டு போய்க் கதவை இடித்தார். நோயாளியின் மனைவி திறந்தாள். தலை சீவி எத்தனை நாளாயிற்றோ.

"ஏம்மா, இது வீடா, சினிமாக் கொட்டகையா?"

"மன்னிச்சுக்குங்க சார். அவர்தான் சத்தமா வைக்கச் சொல்றார்."

"அவர் சொன்னா உங்க புத்தி எங்கே போச்சு? முதல்ல அதை அணைங்க!"

அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு அணைத்தாள்.

உள்ளறையிலிருந்து ஒரு ஓலம் வந்தது. ஏதோ மிருகம் முள்வேலியில் மாட்டிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தார். மனிதத் தொண்டை என்று உறைத்தபோது கை தானாகக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது.

"என்... என்னம்மா அது?"

"அவர்தான் சார். புற்றுநோய் எலும்புக்கு இறங்கிடுச்சு."

"இப்படித் துடிக்க விட்டிருக்கீங்களே, நீங்கல்லாம் மனுஷங்களா? வலிக்கு மருந்து வாங்கலையா?"

"டாக்டர் எழுதித்தான் குடுத்தார். மூணு தடவை அலைஞ்சேன். கிடங்குல உள்ளேயிருந்து திருப்பி அனுப்பிடறாங்க." குரலைத் தாழ்த்தினாள். "உங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு அவர் உத்தரவு. ஆனா நீங்க ஆஸ்பத்திரியிலதானே இருக்கீங்க... இதுல என்ன குறைன்னு பார்த்துச் சொல்றீங்களா சார்?"

நாலாய் மடித்த காகிதத்தை நீட்டினாள். பிரித்தார். குறுக்கே சிவப்பு மையில் ஒரு வரி:

'மூன்றாம் கையொப்பம் இல்லை. திருப்பப்படுகிறது.'

கையெழுத்து அவருடையது.

உள்ளே ஓலம் கொஞ்சம் ஓய்ந்தது. மூச்சு வாங்க வாங்க ஒரு குரல் கெஞ்சியது:

"ரேடியோவைப் போடும்மா... பக்கத்து வீட்டு சார் பாவம். ஆஸ்பத்திரியில நாள் பூரா எங்களை மாதிரி ஆளுங்க கத்தறதைக் கேட்டுட்டு வர்றவர்... வீட்லயாவது நிம்மதியா இருக்கட்டும்."