ஆமையின் இடது சக்கரம்

"ஜெயிச்சுத் தொலைச்சிடாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்!" என்றார் கணவர் போனில்.

"வாயைக் கழுவுங்க. பிள்ளைங்க ராப்பகலா உழைச்சிருக்குதுங்க" என்று அதட்டினாள் அவள். அதட்டி முடித்ததும் குரல் இறங்கிப்போனது. "தோத்துட்டா நேரா வீட்டுக்கு வந்து படுத்துடுவேன். வீடே இடிஞ்சு விழுந்தாலும் எழுப்பாதீங்க."

அவள் லிஃப்ட் மெக்கானிக். ஓடாத லிஃப்ட்டுக்குத்தான் அவளைக் கூப்பிடுவார்கள் என்பதால், ஊரிலேயே அதிகமாகப் படியேறுகிறவளும் அவள்தான். அப்படி ஒரு பள்ளிக்கூட லிஃப்ட்டைச் சரிசெய்யப் போன இடத்தில் தலைமையாசிரியை பிடித்துக்கொண்டார்.

"ரோபோ போட்டிக்கு மூணு பிள்ளைங்க ரெடி. வழிகாட்டத்தான் ஆள் இல்லை. சாயங்காலம் வந்து சும்மா கூட இருந்தாப் போதும்மா."

முடியாது என்று வாய் சொல்வதற்குள் தலை ஆடிவிட்டது.

அன்று பிடித்த சனி. நாளெல்லாம் படியேறிவிட்டு, சாயங்காலம் வீங்கிய முழங்காலோடு பள்ளிக்கூடம். சம்பளம் கிடையாது, நல்ல பெயர் உண்டு. நல்ல பெயரை முழங்காலில் தடவிக்கொள்ளவா முடியும்?

நின்றுவிடலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைப்பாள். ஆனால் அந்த மூன்றும் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டே இருக்கும் பெண்தான் கேப்டன். ஒல்லிப் பையனுக்கு அவள் வைத்த பெயர் வயர். உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கிவிடும் குண்டுப் பையன் பேட்டரி. அவளுக்கும் அவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: லிஃப்ட் அக்கா.

கேப்டன்தான் அடிக்கடி கேட்பாள். "அடுத்த ரவுண்டுக்குப் போனா, இன்னும் எவ்வளவு நாள்க்கா வரணும்?"

"ரெண்டு மாசம்."

"தினமுமா?"

"தினமும்தான்."

உடனே ஒரு பெருமூச்சு வரும். அதைக் கேட்கும்போதெல்லாம் லிஃப்ட் அக்கா நினைத்துக்கொள்வாள்: எவ்வளவு ஏக்கம் இந்தப் பெண்ணுக்கு! இதனிடம் போய், 'எனக்கு முடியலம்மா' என்று எந்த வாயால் சொல்வது?

இதோ, போட்டி நாளும் வந்துவிட்டது. அரங்கம் முழுக்க மேசைகள், ஒயர்கள், பிள்ளைகளைவிட அதிகமாகப் பதறும் பெற்றோர்கள். இவர்களுடைய ரோபோவுக்கு ஆமை என்று பெயர். தரையில் கிடக்கும் பந்துகளைப் பொறுக்கி, எதிர்ப்பக்கம் இருக்கும் பெட்டியில் கொண்டுபோய்ப் போட வேண்டும். வழிகாட்டிகள் வாயால் சொல்லலாமே தவிர, ரோபோவில் கைவைக்கக் கூடாது என்பது விதி. அவள் முதல் நாளிலிருந்தே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பாள். பாவம், கைகளுக்காவது ஓய்வு கிடைக்கட்டும்.

ஒலிபெருக்கியில் இவர்கள் அணியைக் கூப்பிட்டார்கள். கேப்டன் ஆமையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அப்போதுதான் லிஃப்ட் அக்கா கவனித்தாள். ஆமையின் இடது சக்கரம் லேசாக ஆடியது. அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. நாலடி ஓடினால் சக்கரம் தனியாக உருண்டுவிடும்.

பிள்ளைகள் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அவளும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டால்? யார் கேட்கப்போகிறார்கள்? நாளைக்குச் சாயங்காலம் வீட்டில் காலை நீட்டி உட்காரலாம். கணவரோடு ஒரு வாய் காபியாவது சூடாகக் குடிக்கலாம். நினைக்க நினைக்க இனித்தது.

ஆனால் மனசு கேட்கவில்லை. தளர்ந்த ஸ்க்ரூவைக் கண்டும் காணாமல் போனால் அவள் தொழிலில் உயிர் போகும். தவிர, சக்கரம் கழன்று விழும்போது அந்த மூன்று முகங்களும் என்னவாகும்? தன் தூக்கத்துக்காகக் குழந்தைகளின் கனவில் மண்ணைப் போடவா?

"கேப்டன், நில்லு!" என்று நொண்டிக்கொண்டே ஓடினாள். "இடது சக்கரத்துல ஸ்க்ரூ லூசா இருக்கு. சீக்கிரம் டைட் பண்ணு!"

பேட்டரி தரையைப் பார்த்தான். வயர் கேப்டனைப் பார்த்தான்.

"என்ன முழிக்கறீங்க? ஸ்க்ரூடிரைவர் எங்கே?"

கேப்டன் ஆமையைக் கீழே வைத்துவிட்டு, பாவாடைப் பையிலிருந்து அதை மெல்ல வெளியே எடுத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் கலங்கியிருந்தன.

"தெரியும்க்கா. நாங்கதான் லூசாக்கினோம்."

"என்னது?"

"ஜெயிச்சா இன்னும் ரெண்டு மாசம் வரணுமே... வீட்டுப்பாடம் மலையாட்டம் கிடக்கு. தூக்கமே பத்தலைக்கா. முடியலன்னு சொல்லிடலாம்னு எத்தனையோ தடவை நினைச்சோம். ஆனா நீங்க, கால் வலியோட, தினமும் அவ்வளவு ஆசையா வந்து நிக்கறீங்க. உங்க மனசு நோகுமேன்னுதான்..."

ஒலிபெருக்கி இரண்டாவது முறையும் கூப்பிட்டது.

அவள் அந்த மூன்று முகங்களையும் இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், கண்ணாடியில் தன் முகத்தில் தினமும் பார்க்கிற அதே கருவளையம். முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்து, ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டு குனிந்தாள்.

"அசடுங்களா, ஒரு சக்கரம் மட்டும் கழண்டா கிறுகிறுன்னு சுத்தி மானத்தை வாங்கிடும்" என்றபடி, வலது சக்கரத்தின் ஸ்க்ரூவையும் தளர்த்தினாள்.